சாக்கு

சில்க் போர்டு சிக்னலில்
ஓசியில் கிடைக்கிற தாமதத்தை
காக்ஸ் டவுன் வரை போய்
நாலாயிரத்து இருநூறு கொடுத்து வாங்கிவந்தேன்.
டிலே பெடல். பச்சைப் பெட்டி. மூலையில் சொட்டை.
விற்றவன் ரைனர் பிண்டோ,
கனடா போகிறான், பெட்டியில் எடை கூடுகிறதாம்.
ரிவெர்ப் ஒன்றையும் சேர்த்துத் தள்ளிவிட்டான்:
"இது இல்லாம அது தூங்காது, எடுத்துக்கோ ப்ரோ."

எஜிபுராவில் என் அறை பத்துக்குப் பத்து.
கட்டில் போக மிச்சத்தில் கிட்டார்,
கிட்டார் போக மிச்சத்தில் நான்.
ரிவெர்ப் பெட்டியில் ஒரு திருகு:
ரூம், ஹால், சர்ச்.
இந்த ஊரில் ஹால் வேண்டுமென்றால்
பத்து மாத வாடகை அட்வான்ஸ்,
புரோக்கருக்கு ஒரு மாதம்,
அதற்கும் முன்னால் 'சைவமா?' என்றொரு கேள்வி.
இங்கே இரண்டு விரலால் திருப்பினேன்.
சுவர்கள் ஒன்றும் கேட்காமல்
தள்ளி நின்றன.

அது பிற்பாடு. முதல் நாள் விளக்கே எரியவில்லை.
பழைய ரவுட்டரின் அடாப்டரைச் செருகியிருந்தேன்.
"நடுவில் மைனஸ் வேணும், உன்னுது நடுவில் பிளஸ்"
என்று விமான நிலைய வரிசையிலிருந்து
செய்தி அனுப்பினான் ரைனர்.
நல்லவேளை, புகையவில்லை.
இரண்டாம் நாள் சத்தம் வந்தது. சேறாக வந்தது.
ரிவெர்பை முன்னாலும் டிலேயைப் பின்னாலும் வைத்திருந்தேன்,
குளித்துவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டவனைப்போல்
ஒவ்வொரு சுரமும் வழுக்கிக்கொண்டு.
வயரை மாற்றினேன். டிலே முதலில்,
ரிவெர்ப் அதற்குப் பின், அப்புறம் ஆம்ப்.
திருகுகள் எல்லாம் மணி பன்னிரண்டில்.

ஒரே ஒரு தடவை மீட்டினேன்.
டங்.
அது போய், கொஞ்சம் யோசித்து,
டங் என்றது.
பிறகு ங்.
பிறகு ம்.
பிறகு, இருந்ததா இல்லையா என்று
தெரியாத ஒன்று.
காசு அதற்குத்தான் போல.

எட்டாம் வகுப்பில் இரட்டைக்கிளவிக்கு
இரண்டு மதிப்பெண் விட்டவன் நான்.
சலசல, கலகல,
பிரித்தால் பொருள் தராது என்று
எழுதியிருக்க வேண்டும்.
இப்போது ஒரு 'சல'வை நான் வாசிக்கிறேன்,
மற்ற 'சல' பெட்டியுடையது.
பெடலை அணைத்தால்
ஓடையும் இல்லை, மழையும் இல்லை.
விரல்நுனி எரிகிற ஒருவன், ஒரு கம்பி.

நான்காம் நாள் பேராசை.
ஃபீட்பேக்கை மூன்று மணிக்குத் திருப்பினேன்.
போன ஒலி திரும்பி வந்தது,
வரும்போது ஆள் சேர்த்துக்கொண்டு வந்தது,
கட்டிலுக்கடியிலிருந்து
விமானம் ஒன்று கிளம்பிற்று.
நான் கம்பியைத் தொடவே இல்லை.
இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்
யாருக்கென்று தெரியாமல்.

சுவரில் தட். தட். தட்.
"சாக்கு!"
பக்கத்து அறை நாகவேணி,
ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட், பகலில் தூக்கம்.
கன்னடத்தில் சாக்கு என்றால் போதும்.
தமிழில் அது
ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் வீட்டுக்காரரிடம் நான் சொல்வது.
திருகைக் குறைத்தேன்.
தட்டல் நிற்கவில்லை.
கோபத்திலும் இடைவெளி பிசகாத கை.
பெடலில் ஒரு பொத்தான் உண்டு,
காலால் எந்த வேகத்தில் மிதிக்கிறோமோ
அந்த வேகத்துக்குத் தாமதம் இறங்கிவரும்.
அவள் தட்டத் தட்ட மிதித்தேன்.
வால்யூம் ஒன்றில் வைத்து
மூன்று சுரம், அவ்வளவுதான்.
தட்டல் நின்றது.
மூன்று சுரமும் அவள் வேகத்தில்
சுவர்ப்பக்கமாக நடந்து தேய்ந்தன.

வியாழக்கிழமை படிக்கட்டில் வழிமறித்தாள்.
கையில் டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டை.
"அந்த ஏரோப்ளேன் வேண்டாம்.
மற்றது பரவாயில்லை.
நான் கிளம்பினதுக்கு அப்புறம்" என்றாள்.
நான்கு படி இறங்கித் திரும்பாமலே
"கிளம்பினதுக்கு அப்புறம்" என்றாள் மறுபடி,
கொஞ்சம் மெதுவாக.