ஐஸில் கிடக்கும் நண்டு

ஸ்டான்லியில் மூன்றாம் மாடி.
நாளைக் காலை என் பித்தப்பை.

மயக்க டாக்டர் என்று வந்தது ஒரு சின்னப் பெண்.
தொண்டைக்குள் டார்ச் அடித்தாள்.
ஆடுற பல் இருக்கா என்றாள்.
ஒன்று இருந்தது, நாக்கால் மறைத்துக்கொண்டேன்.
எடை கேட்டாள்.
மீன் கூடையோடவா, தனியாவா என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.
பொடி, புகையிலை?
சீச்சீ.
பயமா இருக்கா?
இன்னா பயம்.

காசிமேட்டில் இருபத்தாறு வருஷமாக
நண்டு பிரிக்கிறவள் நான்.
ஐஸில் புதைத்தால் அடங்கிவிடும்.
கொடுக்குக்குள் விரலை விட்டாலும் பிடிக்காது.
செத்ததா என்று கேட்பார்கள் வாங்க வருகிறவர்கள்.
எடுத்து வெயிலில் காட்டுவேன்,
ஓரத்துக் கால் ஒன்று மட்டும்
மெல்ல அசையும்
யாரையோ கூப்பிடுகிற மாதிரி.
அசைவது பயமில்லை.
அசையாமல் கிடக்கையில்
ஓட்டைப் பிரித்தேனே எத்தனையோ,
அதற்கெல்லாம் தெரிந்ததா?
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாள் அந்தப் பெண்.

பக்கத்துக் கட்டில் மைமூன்
முதுகில் ஊசி போட்டு மூன்று பெற்றவள்.
மழை வந்தா இன்னும் அதே எடத்துல வலிக்குது என்கிறாள்.
எதிரில் ரோசலின்.
மயக்கத்தில் உளறுவோமாம்,
அவள் நாத்தனார் சீட்டுப் பணம் ஒளித்த இடத்தைச் சொல்லி
வீட்டுக்குப் போனால் வாசலில் புது பைக் நின்றதாம்.
ஹார்பரில் டிரெய்லர் ஓட்டும் என் தனகோட்டிக்கு
எல்லாம் தெரியும்.
"ஊசியப் போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போய்டுவாங்க.
பாதியில தெளிஞ்சா அவ்ளோதான்."
சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனது.

ராத்திரி ஒன்பது மணிக்கு
வேறு யாருக்கோ வந்தாள் அந்தப் பெண்.
கோட்டு நுனியைப் பிடித்தேன்.
ஊசி போட்டதும் நீ எங்க போவ?
"எங்கயும் போவ மாட்டேன்மா.
உங்க தலமாட்டுலயே இருப்பேன்.
மூச்சு, நாடி, பிரஷர் எல்லாம் பாத்துட்டே."
முழுசுமா?
"கண்ணத் தொறந்து உங்க பேர நீங்க சொல்ற வரைக்கும்."

நண்டையும் கேட்டுவிட்டேன்.
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேனின் சிவப்பு விளக்கு
அணைந்து எரிந்து அணைந்தது.
"ரொம்ப ரொம்ப அபூர்வம்.
நடக்கவே நடக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன்.
அதுக்குத்தான் நான் அங்க இருக்கேன்."

விடியுமுன் ஏலத்துக்குப் போகிறவள்.
வீட்டில் எல்லாரும் தூங்குவதை
நான்தான் பார்த்திருக்கிறேன்.
நான் தூங்குவதைப் பார்க்க
சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருத்தி.

கதவு வரைக்கும் போய்விட்டாள்.
டாக்டரம்மா!
கீழ் வரிசை, இடது பக்கம், முன்னால ரெண்டாவது.
ஆடுது.
அப்புறம்
புகையிலையும் எழுதிக்கோ.

பேனாவைத் திறந்துகொண்டே திரும்பி வந்தாள்.

பொட்டலம் தலையணைக்கு அடியில் இருப்பதை மட்டும்
சொல்லவில்லை.