புளி என்றொரு பூனை

இந்த ஊரில் கடல் வேலைக்கு வந்துபோகிறது.
சில மணி நேரம் ஆஜர்,
பிறகு கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு விடுப்பு.
விட்டுப்போன இடமெல்லாம் சேறு.
சேற்றில் கொஞ்சம் வானம்.

மோர்காம் என்று பெயர்.
பெயரில் மட்டும்தான் மோர்.
பதினொரு மாத ஒப்பந்தம்,
லங்காஸ்டர் மருத்துவமனையில் எக்ஸ்ரே,
மூடிய மிட்டாய்க்கடைக்கு மேலே ஓர் அறை.
ஜன்னலைத் திறந்தால் துணி காயாது, உப்பேறும்.
மூடினால் சுவர் வியர்க்கும்.

சனிக்கிழமை சலவைக்கடை.
ஞாயிறு, அலைநேரப் புத்தகம் பார்த்து நடை.
பெஞ்சுக்குப் பெஞ்சு
செத்தவர் பெயர் பித்தளையில்:
டோரதிக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும்.
மன்னிக்கணும் டோரதி என்று
அவள் பெயரில் முதுகு சாய்த்து
முட்டைதோசைச் சுருளைப் பிரித்தேன்.
பாதியை ஒரு கடற்புறா
கேட்காமலே எடுத்துக்கொண்டது.

வியாழன் காலை மீன் வண்டி.
க்ளிஃப்: ரப்பர் ஏப்ரன், வெள்ளைப் புருவம்,
குளிரில் நண்டு நிறமான விரல்கள்.
காட் மீனின் தலையை வெட்டி
வாளிக்குள் எறிந்தார்.
என் கை தானாக நீண்டுவிட்டது.
"பூனைக்கா?"
பின்னால் வரிசையில் ஐந்து பேர்.
யெஸ் என்றேன்.
எவ்வளவு சின்னச் சொல்,
அதற்குள் ஒரு முழுப் பூனை.

"பேரென்ன?"
எனக்குள் அந்நேரம்
குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.
"புளி."
பூலி, பூலி என்று
இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டார்.

நாமக்கல்காரி நான்.
லாரியும் கோழிப்பண்ணையும்தான் எங்கள் நெய்தல்.
மீன் தலையோடு மல்லுக்கட்ட
வார்டில் வேலை பார்க்கும் குளச்சல் சகாய பெல்சி
போனில் சொன்ன கணக்கு:
புளி கெட்டியா, தேங்கா பட்டுபோல,
செவுளைக் கிள்ளி எறி.
கண்ணை எறிஞ்சா பேசமாட்டேன்.

வாராவாரம் பூனை வளர்ந்தது.
நவம்பரில் அதற்குச் சளி
(எனக்குத்தான்).
ஜனவரியில் கூரைமேல் ஏறி
இறங்கத் தெரியாமல்
ராத்திரி முழுக்கக் கத்தியது.
இதைச் சொல்லும்போது
என் குரல் லேசாக உடைந்தது,
அது திட்டத்தில் இல்லை.
"தனியா விடாதே" என்றார் க்ளிஃப்.
இரண்டு தலை கூடுதல்.

மார்ச்சில் ஒரு சின்ன உறை.
உள்ளே சிவப்புக் கம்பளிப் பட்டை, ஒரு மணி.
"என் மனைவி பின்னியது, எங்கள் பூனைக்கு.
அவள் இப்போது இல்லை."
இங்கே பூனையையும் அவள் என்பார்கள்.
எந்த அவள் என்று
நான் கேட்கவில்லை.
சாவிக்கொத்தில் கட்டிக்கொண்டேன்.
நைட் ஷிப்ட் முடிந்து படியேறும்போதெல்லாம்
எனக்கு முன்னால் ஏதோ
வீட்டுக்குள் ஓடுகிறது.

கடைசி வியாழன்.
அடுத்த ஒப்பந்தம் பர்மிங்காம்,
கடலே கிடையாது என்றேன்.
புளியை என்ன செய்வாய் என்று
கேட்பார் எனப் பயந்து
மூன்று பதில் தயாரித்திருந்தேன்.
கேட்கவில்லை.
தலைகளை நிதானமாகக் கழுவினார்,
செவுளைத் தானே கிள்ளி எறிந்தார்,
கண்களை விட்டுவைத்தார்.
பொட்டலம் மடிக்கும் முன்
நடுவில் ஓர் எலுமிச்சை வைத்தார்.

"பூலிக்கு"
என்றார் முகம் மாறாமல்,
அடுத்த ஆளைப் பார்த்தபடி.