தொள்ளாயிரம் கிராம்

குமாரசாமிப்பட்டி ஆயுதக் கிடங்கில்
மூன்றை எடுத்துக் கம்பளித் துணிமேல் வைக்கிறான் நவநீதன்.
என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன்.
மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டுவதுபோல
ஒவ்வொன்றின் ஸ்லைடையும் இழுத்துக் காட்டுகிறான்.
உள்ள ஒண்ணும் இல்ல, பாத்துக்குங்க மேடம்.

முதலாவது முழு எஃகு, நீளக் குழல்.
எடுத்ததும் தோள்வரை ஒரு நிதானம் ஏறுகிறது.
நேற்று நகரமலை அடிவாரத்து ரேஞ்சில்
இருபத்தைந்து மீட்டரில், பத்துக்கு எட்டு
கறுப்புக்குள் விழுந்தது இதில்தான்.
வெள்ளைக்கல் மேட்டில் மோதி ஒவ்வொரு வெடியும்
இரண்டாகத் திரும்பி வந்தது.
ரேஞ்சுக்கு இதாங்க ராணி என்றான்.
ஜீப்பில் உட்கார்ந்தால் விலாவில் இடிக்கும் என்பதை
நான் கேட்ட பிறகு சொன்னான்.

இரண்டாவது மூக்குக்கண்ணாடிக் கூடு அளவு.
சுடிதாருக்குள் மறையும்.
சாட்சியைக் கூட்டிக்கொண்டு சாதா உடையில்
ஈரோட்டு ரயிலில் போகும் நாளுக்கு.
ஆனால் சின்னதுதான் அதிகம் உதைக்கும்.
பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லை.
அது அந்தரத்தில் மடங்கி நிற்கிறது,
பந்தியில் இலை கிடைக்காத உறவுக்காரரைப் போல.

மூன்றாவது பிளாஸ்டிக் உடம்பு.
அழகென்று எதுவும் கிடையாது.
இதுல என்ன விசேஷம்?
ஒண்ணும் இல்லீங்க. அதான் விசேஷம்.
முழு மேகசினோட தொள்ளாயிரம் கிராம்.
விசை கொஞ்சம் கனம், பழகிரும்.

எதுக்குன்னு சொல்லுங்க மேடம், எதுன்னு சொல்றேன்.

எதுக்கு.
போன ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஏற்காட்டுப் பாதை, பதினோராம் வளைவு, மழை.
சில்வர் ஓக் ஏற்றி இறங்கிய லாரி
காட்டெருமை ஒன்றின் இடுப்பை ஒடித்திருந்தது.
டிரைவர் வெள்ளையன் கட்டைச்சுவரில் உட்கார்ந்து
தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மேலே முப்பது வண்டி, கீழே நாற்பது.
அத்தனை கைபேசி வெளிச்சமும் அதன் கண்ணில்.
சுட்டுருங்க மேடம், பாவம், சுட்டுருங்க
என்றது கூட்டம். பாவம் என்றது அதையா என்னையா, தெரியாது.
தொடாதீங்க என்றார் போனில் ரேஞ்சர்,
குரும்பப்பட்டியிலிருந்து டாக்டர் வருகிறார்.

அந்த நெற்றிக்கு என்னிடமிருந்த ஒன்பது மில்லிமீட்டர்
கோயில் கதவில் குழந்தை தட்டுவது மாதிரி.
இருந்தும் உறையிலிருந்து எடுத்தேன்.
எழுந்து கூட்டத்துக்குள் பாய்ந்தால்?
அதற்கும் அவர்களுக்கும் நடுவே
குழல் தார்ச்சாலையைப் பார்க்க, விரல் விசைக்கு வெளியே,
ஒரு மணி ஐம்பது நிமிடம்.
பழைய துப்பாக்கி, ஆண்கைக்கு வார்த்த பிடி.
முதலில் மணிக்கட்டு நடுங்கியது, அப்புறம் முழங்கை,
அப்புறம் நடுங்குவது எது என்றே தெரியவில்லை.
அது மூச்சு விடும்போதெல்லாம்
என் கால்சட்டை முட்டிவரை சூடாயிற்று.

டாக்டர் வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்
சூடு நின்றது.

பத்துத் தோட்டா கொடுத்தது, பத்தும் திரும்பியது.
பதிவேட்டில் வேறு கட்டம் இல்லை.

நவநீதனிடம் இதைச் சொல்லவில்லை.
மூன்றாவதை எடுத்து, பின்பிடியில்
சின்ன அளவை மாட்டித் தரச் சொல்லி,
தரையில் உடைந்த ஒரு மொசைக் கல்லைப் பார்த்து நீட்டி
நிற்கிறேன்.
சுவர்க் கடிகாரம் நகர்கிறது.
எண்ணெய்த் துணியை மடிக்கிறான், பிரிக்கிறான்,
மறுபடி மடிக்கிறான்.
கையை இறக்கலாங்க மேடம்.
இன்னும் கொஞ்சம்.
சுட்டுப் பாக்க வேணாமா?
நேத்து பாத்தாச்சு.

ஏழாவது நிமிடத்தில் தோள் பேச ஆரம்பிக்கிறது,
பேசட்டும்.
சுண்டுவிரல் தன் இடத்தில் இருக்கிறது.

இதையே எழுதிக்க.

வரிசை எண்ணை எழுதுகிறான், ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டு.
தோட்டா எத்தனைங்க?
பத்து.
பத்து என்று எழுதி
திரும்ப வந்தது என்ற கட்டத்தைக்
காலியாக விடுகிறான்.