ஒருதரம், ரெண்டுதரம்

திருமங்கலத்தில் எங்கள் கோயில்
அறுப்பின் பண்டிகை ஏலம்
ஆராதனை முடிந்து பதினொன்றரைக்குத் தொடங்கும்.
வேப்பமரத்தடியில் மேசை.
வாழைத்தார், கால் கட்டிய சேவல், வெண்பூசணி,
யாரோ நேர்ந்துகொண்ட ஒரு பிளாஸ்டிக் குடம்.
மைக்கில் தவமணி சார்.
வகுப்பில் ஆஜர் எடுத்த அதே குரலில்
எங்கள் தாராளத்தைப் பதிவு செய்வார்.

பத்தொன்பது வருஷமாய்
என் கடைப் பெயர் அந்த மைக்குக்குத் தெரியும்.
"ஜீவரத்தினம் ஹார்டுவேர்ஸ், மூவாயிரம்!"
பூசணி என்னவோ ஐம்பது ரூபாய்தான் பெறும்.
மீதி கர்த்தருக்கு என்பேன்.
அதில் எவ்வளவு என் பெயர்ப்பலகைக்குப் போயிற்று என்பதை
அவர் கணக்கில்தான் பார்க்கவேண்டும்.

போன வருஷம் ஒரு சுரைக்காய் வந்தது.
தாலுகா ஆபீஸ் கூட்டுகிற எப்சிபா கொண்டுவந்தது.
ரயில் தண்டவாளத்து ஓரம்
அவள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறிய கொடியின் முதல் காய்.
காம்பில் சிவப்பு ரிப்பன்.
பத்து ரூபாயில் தொடங்கினார்.
"இருபது" என்றது பெண்கள் பக்கத்தில் ஒரு குரல்.
எப்சிபாதான்.
தான் படைத்ததைத் தானே கேட்கிறாளே என்று சிலர் சிரித்தார்கள்.
நானும்.
யாரோ "முப்பது." அவள் "நாற்பது."
அதற்குள் முந்தானை முடிச்சை அவிழ்த்திருந்தாள்.

எனக்கு மனம் இளகிவிட்டது.
அதுதான் ஆபத்து.
"ஐநூறு" என்றேன்.
கூட்டம் திரும்பிப் பார்த்தது.
பார்த்த சூட்டில், எதிர்க்கேள்வி இல்லாமலே,
"ஆயிரம்" என்று
என் ஏலத்தின் மேல் நானே ஏறினேன்.
மூணுதரம். கைதட்டல்.
அவள் நாற்பது ரூபாயை மறுபடி முடிந்துகொண்டிருந்தாள்,
மெதுவாக,
முடிச்சுப் போடுவதே மறந்துபோனவள்போல.

போகும் வழியில் கேட் மூடியிருந்தது.
ஸ்கூட்டரின் முன்னால் சுரைக்காய்.
சரக்கு ரயில் பெட்டி பெட்டியாய்ப் போய்
முடிவதாக இல்லை.
அப்போதுதான் உறைத்தது:
அவள் இரண்டு முறை கொடுக்க வந்திருக்கிறாள்.
காயாக ஒருதரம், காசாக ஒருதரம்.
ரெண்டாவதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

திருப்பிக் கொடுத்துவிடலாமா?
கொடுத்தால் அதுவும் ஒரு மைக்.
எங்கள் வீட்டில் சுரைக்காயை யாரும் தொடமாட்டார்கள்.
மூன்று நாள் நான் ஒருவனே
கூட்டு வைத்துத் தின்றேன்.
என்ன திடீரென்று, என்றாள் ஹெலன்.
சர்க்கரைக்கு நல்லதாம், என்றேன்.

கிருபையிலே வளரணும், ஞானத்திலே வளரணும் என்று
பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம்
கிளைவிட்டு உயர்வதையே நினைத்திருந்தேன்.
ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு முளைத்தது
சட்டைப்பைக்குள் கிடக்கத் தெரிந்த ஒரு கை.
அதுவும் ஒரே ஒரு காலைக்கு.

இந்த வருஷம் பீர்க்கங்காய், நான்கு.
பத்து என்றார். இருபது என்றாள்.
தவமணி சார் என்னைப் பார்த்தார். பழக்கம்.
பக்கத்தில் மளிகைக்கடை செல்லையா வாயைத் திறந்தான்.
அவன் முழங்காலை அழுத்தினேன்.
இவ்வளவு அமைதியை நம்பமுடியாமல்
"இருபத்தைந்து" என்று
தன் இருபதின் மேல் அவளே ஏறினாள்.
மூணுதரம்.
காசை மேசையில் வைத்துவிட்டு
பீர்க்கங்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்,
பிள்ளையைத் தூக்கிப் போகிறவள்போல.
யாரும் கைதட்டவில்லை.

கேட் இன்றும் மூடித்தான் இருந்தது.
நான் செய்யாமல் விட்டதை
ஒரு ஆளாவது பார்த்திருக்கக்கூடாதா என்று
அங்கே நின்று ஏங்கினேன் பாருங்கள்,
அந்தப் பேராசையை என்னவென்று சொல்ல.
ஹெலனிடம் சொல்லவில்லை.
ஏன் அழுத்தினாய் என்ற செல்லையாவிடம்
எறும்பு என்றேன்.
ஜெபத்திலும் அந்த இடத்தைத் தாண்டிப் போனேன்,
அவருக்குத்தான் தெரியுமே.
நாலு நாள் தாக்குப்பிடித்தேன்.

இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த வருஷம் பார்ப்போம்.
ஒருதரம்.