இரண்டாம் தாள்

வியாழன். சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளை.
பசுமலைச் சாலையில் லாரிகள் கியர் மாற்றும் ஓசை
நான் சொல்லும் ஒவ்வொரு நூற்றாண்டின் மேலும் ஏறி இறங்குகிறது.
பதினேழு பேர். பாதிப் பேர்
காலையில் சறுக்கிய வர்ணத்தை
வாய்க்குள் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார்கள்.
இசை வரலாற்றில்
விரலுக்கும் தொண்டைக்கும் வேலை இல்லை.

கரும்பலகையில் எழுதினேன்:
சுவரில் வெட்டியிருப்பது, கொட்டுபவனுக்கு நாளுக்கு இருநாழி நெல்.
வெட்டாமல் விட்டது, அவன் கொட்டியது.

"அப்ப இது சம்பளப் பட்டியலோட வரலாறுதான, மேம்?"
மிருதங்கப் பிரிவு ஆபேல்ராஜ்.
நான் மட்டும் சிரித்தேன்.
கௌரவ விரிவுரையாளர், மணிக்கணக்குச் சம்பளம்.
ஆவணி பிறந்துவிட்டது,
ஜூன் மாதத்துப் பில் இன்னும் கருவூலத்தில் தூங்குகிறது.

பிற துறைகளோடு சேர்த்து நடத்தவும் என்று
ஒற்றைப் பக்கச் சுற்றறிக்கை வந்திருந்தது.
சரியென்று, கல்லும் அதிர்வும் படிக்க
இசைத்தூண் பார்க்கக் கூட்டிப்போனேன்.
கம்பிக்கு அந்தப் பக்கம் தூண், இந்தப் பக்கம் நாங்கள்.
பார்க்கலாம், தட்டக் கூடாது என்றார் காவலர்.
அதிர்வெண் காட்டும் செயலியோடு வந்த சையது இப்ராகிம்
ஏமாற விரும்பாமல்
பக்கத்தில் அழுத கைக்குழந்தையை அளந்தான்:
நானூற்று நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே.

திரும்பும் பேருந்தில் அழகுமீனா,
இரண்டு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்:
"எங்கப்பா கல்லு தட்டுறவருதான் மேம், மேலூர்ப் பட்டறையில."

அடுத்த வியாழன் மேலூர்.
முழங்கால்வரை வெள்ளைச் சேறு.
அறுத்த பலகைகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து,
படித்து முடிக்காத புத்தகங்கள்போல.
வெள்ளைக்கண்ணு கையைத் தூக்கினார், ரம்பம் நின்றது.
காதுக்குள் அது நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

சின்னச் சுத்தியல்.
மேல் மூலையில் ஒரு தட்டு. நடுவில் ஒன்று. கீழே ஒன்று.
கணீர்.
கணீர்.
டொக்.
"இந்தா, இங்க செத்துப்போச்சு பாருங்க."
கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.
ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், துணியால் துடைத்தார், காத்திருந்தார்.
வெயிலில் கல் முழுதும் காய்ந்தது,
முடியளவு கோடு ஒன்று மட்டும்
ஈரமாகவே நின்றது.

முதல் தட்டு காந்தாரம் என்றாள் வீணை மாணவி.
எந்தக் காந்தாரம் என்றான் வயலின்.
ஆளுக்கொரு கைபேசியில் சுருதிப்பெட்டி.
வெள்ளைக்கண்ணு இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"அது என்னவா வேணா இருக்கட்டும். அடுப்பு மேடைக்கு ஆகாது."

எத்தனை வருசமாக இந்த வேலை என்றேன்.
"வலது காது இருந்த வரைக்கும் பதினெட்டு.
இடதுல இப்ப ஆறு."
அழகுமீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் குறிப்பேட்டைத் திறந்திருந்தேன்,
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை.

பருவத் தேர்வுக்கு ஒரு கேள்வி போட்டு அனுப்பினேன்:
ஓசை மிஞ்சாத இடத்தில்
இசை இருந்ததை எதைக் கொண்டு அறிவீர்?
பாடத்திட்டத்துக்கு வெளியே எனச் சிவப்பு மையில் அடித்து,
'இசைத்தூண்கள்: குறிப்பு வரைக' என்று மாற்றியிருந்தார்கள்.
பதினாறு பேர் மன்னர் பெயரில் தொடங்கினார்கள்.
அழகுமீனா எழுதியிருந்தாள்:
தூண் செய்யும் முன்பே கல்லைத் தட்டிப் பார்த்திருப்பார்கள்.
எத்தனை கல் வேண்டாமென்று போயிருக்கும்?
அவை எங்கே?

ஐந்துக்கு நான்கு போட்டேன்.
அந்த ஒன்றை ஏன் பிடித்தேன்
என்று இன்றுவரை தெரியவில்லை.

கார்த்திகையில் பில் வந்தது.
வருவாய்த் தலைவில்லையின் மேல் கையெழுத்திடும் முன்
நாள்வாரியாகச் சரிபார்த்தேன்.
இரண்டு மணி, ஒரு மணி, இரண்டு மணி.
மேலூர் போன வியாழனுக்கு நேரே
கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு,
முடியளவு.