பதினாலாவது சாமான்

மெஷின் காட்டும் நம்பரை மட்டும் நம்பாதீங்க,
ஒரே மூச்சில் எத்தனை வார்த்தை பேசுறாங்கன்னு எண்ணுங்க
என்றார் காரைக்குடி டாக்டர், போனில்.

எதைப் பேசுறது என்றாள் உமையாள்.
தேவாரம் சொல்லேன் என்றேன்.
பாதியில நின்னா பாவம் என்றாள்.
பிறகு கண்ணை மூடி ஆரம்பித்தாள்,
எண்பத்தெட்டில் அவள் அப்பச்சி
மஞ்சள் தடவிய நோட்டில் எழுதித் தந்த
சீர் சாமான் பட்டியலை.

குத்துவிளக்கு ரெண்டு
பித்தளை அண்டா
தாம்பாளம் அஞ்சு
தூக்குச்சட்டி ஆறு...

பதினொன்றில் இருமல் வந்தது.
காலண்டரின் பின்பக்கம் எழுதினேன்:
காலை ஆறு மணி. தொண்ணூற்று மூன்று. சாமான் பதினொன்று.

பட்டியல் மொத்தம் இருபது.
பதினாலாவது எனக்குத் தெரியும்.
வெள்ளிக் கும்பா.
புதுவயலில் என் அரிசி வியாபாரம் நொடித்த வருஷம்
அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம்
எடுத்துப் போய் விற்றுவிட்டு
அதே பட்டுத்துணியில்
ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைச் சுற்றி
பெட்டியில் வைத்தேன்.
இன்றுவரை அவள் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

பதினொன்று. ஒன்பது. ஆறு.

அக்னி நட்சத்திரம்.
தெருமுனையில் தகரம் அடித்துவிட்டார்கள்.
மெடிக்கல் பீர்முகமது
கேட்டில் பையை மாட்டிவிட்டு
போஸ்ட் கம்பம் வரை ஓடிப்போய் நின்று
கையைத் தூக்கிக் காட்டுவார்.
வயிற்றில் ஊசி போட யூடியூபில் கற்றுக்கொண்டேன்.
ரசத்தில் புளியா உப்பா எது முதலில் என்று
இரண்டாம் கட்டிலிருந்து போனில் கேட்டால்
மூச்சு வாங்கிக்கொண்டு
பு... ளி என்பாள்.

பதினோரு பங்காளிகளின் வீடு இது.
பத்துப் பேர் சென்னையிலும் பினாங்கிலும்.
காற்றுக்கென்றே கட்டியது என்பார்கள்.
வாசல் முதல் பின்கட்டு வரை
கதவுகளைத் திறந்து வைத்தேன்.
வளவு முழுக்க அலைந்தது காற்று
அவளுக்குள் போக மட்டும் வழி தெரியாமல்.

எட்டாம் நாள் இரவு எண்பத்து நாலு.
காரைக்குடியில் படுக்கை இல்லை.
சிவகங்கையில் இல்லை.
மதுரையில் போனை எடுக்கவே இல்லை.
யாரோ ஒரு பையன் பைக்கில் கட்டிக் கொண்டுவந்த
ஆக்சிஜன் மெஷின்
ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருந்தது.
கரண்ட் போய்விடுமோ என்று
பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
குப்புறப் படுக்கவைத்து
வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்து
முதுகைத் தட்டினேன்.
முப்பத்து மூன்று வருஷத்தில்
இவ்வளவு நேரம் அந்த முதுகைப் பார்த்ததில்லை.
இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம்.

சொல்லு என்றேன்.
விளக்கு என்றாள்.
அதற்கு மேல் இல்லை.

பதினாலு வரைக்கும் வந்துடு உமையா,
வந்து கேளு,
எத்தனை பேர் முன்னால வேணும்னாலும் கேளு
என்று முதுகிடம்தான் சொன்னேன்.
அவளுக்குக் கேட்டிருக்காது.
மெஷின் சத்தம் அப்படி.

மூன்று. மூன்று. நாலு. மறுபடி மூன்று.
ஏழு வந்த அன்று
பீர்முகமதைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
எது ஏழு என்று அவருக்குப் புரியவில்லை.
அல்ஹம்துலில்லா என்றார்.

இருபத்தாறாம் நாள்.
முற்றத்து ஓரமாக நாற்காலி போட்டு
கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.
முடி கொத்தாய்க் கொட்டியிருந்தது.
நான் கேட்காமலே ஆரம்பித்தாள்
கடகடவென்று.
ஈயச்சொம்பு பதினொன்றாவது.
மங்குத் தட்டு. இடிகல்லு.
நான் தரைப் பூக்கல்லைப் பார்த்தேன்.

ஓலைக்கொட்டான்,
முறுக்கு உரல்,
அடுக்குச்சட்டி என்று போய்
கடைசிச் சாமானில் நின்று
மூச்சு விட்டாள்.

காலண்டரைத் திருப்பிப் பென்சிலை எடுத்தேன்.
எத்தனை என்றாள்.
இருபது என்றேன்.

கஞ்சியில் உப்பு இல்லை என்று
கிண்ணத்தை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டு எழுந்தேன்.
நிலையைத் தாண்டும்போது பின்னாலிருந்து
திடமாக, மூச்சு வாங்காமல்,
பத்தொன்பது என்றாள்.