ஆத்திர அவசரத்துக்கு

பழங்காநத்தத்தில் பேட்டரிக் கடை மாடியில்
மாதக் கடைசி ஞாயிறு கூடும் எங்கள் சங்கத்துக்கு
உறுப்பினர் இருபத்து மூன்று,
சந்தா கட்டியவர் பதினாறு,
குளிர்பெட்டி ஒன்று.

வாடகை கிடையாது.
பெட்டியோடு ஓர் உண்டியல் போகும்,
மனமிருந்தால் போடலாம்.
அழுத கையோடு போடுகிறார்கள்.
ஈர நோட்டுகளைப்
பேரேட்டின் நடுவில் வைத்துக் காயவிடுவேன்.

மார்கழியில் வரவு கூடும்.
ஏனென்று தணிக்கையாளர் கேட்டதில்லை.
பனி என்று நானும் சொன்னதில்லை.
போன மார்கழிக்கு ஆறாயிரத்து நானூறு.
கூட்டல் சரியாக வந்ததும்
ஒரு நொடி மகிழ்ந்துவிட்டேன்.
அன்றிரவு சோறு இறங்கவில்லை.

இப்படிச் சேர்ந்ததுதான்
கூட்டுறவு வங்கியில் கிடந்த தொண்ணூற்றிரண்டாயிரம்.
"ஆத்திர அவசரத்துக்கு மட்டும்"
என்கிறது தீர்மானம் எண் நான்கு.
ஒன்பது வருடமாக எந்த அவசரமும்
எங்களுக்குப் போதுமான அவசரமாக இல்லை.

ஆவணியில் ஒரே காலையில் இரண்டு சாவு.
பெட்டி வசந்த நகருக்குப் போய்விட்டது.
மாடக்குளத்து ஒச்சம்மாளுக்கு
ஐஸ் கம்பெனியிலிருந்து நாலு பார், மரத்தூள், சாக்கு.
குட்டியானையில் நான்தான் ஏற்றிப் போனேன்.
வெயில் ஏற ஏற
கட்டில் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து
வாசல் தாண்டி வந்து
எல்லார் செருப்பையும் நனைத்தது.
யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அந்த ஞாயிறு இரண்டாவது பெட்டி பற்றிப் பேச்சு.
"செத்தவருக்கு என்னய்யா அவசரம்?"
தலைவர் துளசிராம் கேட்க, ஒரே சிரிப்பு.
ஸ்டெல்லா டீச்சர் சிரிக்கவில்லை:
"பெட்டி செத்தவருக்கா சார்?
மஸ்கட்டில் விமானம் ஏறியிருக்கிற மகனுக்கு."

"எங்க வீட்டுக்கு இது ஒருநாளும் வராது,
அஸருக்குள்ள அடக்கிருவோம்" என்ற சகுபர் பாய்தான்
முதலில் கை தூக்கினார்.

முதிர்வுக்கு முன் முறிக்க ஒரு படிவம்.
வட்டி நட்டம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
காரணம் என்ற கட்டத்தில்
எழுதி, அடித்து, எழுதி, அடித்து
கடைசியில் "சொந்தக் காரணம்" என்று போட்டேன்.
சங்கத்துக்கு ஏது சொந்தம் என்று கேட்காமல்
முத்திரை குத்தினார் எழுத்தர்.

இப்போது கையிருப்பு நாலாயிரத்துச் சொச்சம்.
சொச்சத்தையும் சொல்வது பொருளாளர் கடமை:
நாலாயிரத்து எண்பத்தேழு.
பத்தாம் தேதி கரண்ட் பில்.

இந்த மாதம் இரண்டு பெட்டியும் படி இறங்கவில்லை.
மூடியில் தூசி. ஒன்றின் மேல் யாரோ
ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
வரவு இல்லை என்று எழுதி
கீழே இரண்டு கோடு இழுத்தேன்,
கொஞ்சம் அழுத்தியே.